இளஞ்சேவல் கூவத் தொடங்கிய பின் முட்டை குறைகிறது: விற்பதா, வைத்திருப்பதா?

எழுவான்கரை வளவு, களுவாஞ்சிக்குடி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வளவில் ஒன்பது பேடுகள் நிற்கின்றன. அவற்றில் ஐந்து, முட்டைக்கென்றே விற்கப்படும் மண்ணிற லேயர் இனம். மற்ற நான்கும் ஊர்க்கோழிகள். 2022 இல் முட்டை விலை ஏறியபோது எங்கள் வீதியில் பல வீடுகளில் கோழி வளர்ப்புத் தொடங்கியது. எங்களுடையதும் அப்போது தொடங்கியதே. வீட்டுத் தேவை போக மிஞ்சும் முட்டையை அயலில் கொடுத்து அந்தப் பணத்திலேயே தீன் வாங்குகிறோம். ஆகவே முட்டை குறைந்தால் அது உடனே கையைக் கடிக்கிறது.

ஊர்க்கோழி ஒன்று அடைகிடந்து பொரித்த குஞ்சுகளுள் ஒன்று சேவலாக வளர்ந்து ஐந்து மாதமளவில் கூவத் தொடங்கியது. அதன் பிறகு முட்டை படிப்படியாகக் குறைந்து, இப்போது முன்பு கிடைத்ததில் பாதிதான் கிடைக்கிறது. காலையில் கூடு திறந்த கணத்திலிருந்தே சேவல் பேடுகளைத் துரத்துகிறது. லேயர் பேடுகள் இரண்டின் முதுகில் இறகு போய், முறிந்த தண்டுகள் மட்டும் குத்திட்டு நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் கொண்டையில் கொத்துக் காயமும் இருக்கிறது. ஊர்க்கோழி ஒன்று பகலின் பெரும்பகுதியை முருங்கைக் கிளையிலேயே கழிக்கிறது. தீனையும் கூட்டையும் நாங்கள் மாற்றவில்லை.

இளஞ்சேவல் ஒன்று நிற்பதனாலேயே பேடு முட்டையிடுவது குறையுமா, குறையுமென்றால் எந்த வழியால் குறைகிறது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் சேவல் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டார் உடனே விற்றுவிடச் சொல்கிறார்கள். காரணம் தெரியாமல் எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

நிந்தவூர் வீட்டுப்பண்ணை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சகோதரி. பக்கத்து வீட்டார் சொன்னதே சரி என்பது என் கருத்து. பேடு முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. ஆயிரக்கணக்கில் லேயர் வளர்க்கும் பண்ணைகளில் ஒரு சேவலும் இருப்பதில்லை. அங்கே முட்டை குறைவதுமில்லை. சேவல் வேண்டியது குஞ்சு பொரிக்க மட்டுமே. நீங்கள் முட்டை விற்றுத் தீன் வாங்குகிறவர் என்பதால் கணக்கு இன்னும் தெளிவானது: வளர்ந்த சேவல் நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் தீன் உண்ணும், அதற்கு ஈடாக ஒன்றும் தராது. முதுகில் இறகு போன பேட்டைப் பார்த்துக்கொண்டு இன்னும் யோசிப்பது அந்தப் பேட்டுக்கும் நல்லதல்ல.

செங்கலடி, ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்:

மகளின் கேள்வியில் உள்ள இரண்டு பகுதிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சேவல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துப் பேட்டின் உடல் முட்டையை உருவாக்குவதில்லை. அந்த அளவில் நிந்தவூர் நண்பர் சொன்னது முற்றிலும் உண்மை. மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, முட்டைக் குழாயில் இறங்கி, வெண்கருவும் சவ்வும் ஓடும் பெற்று வெளியே வர ஏறக்குறைய 24 முதல் 26 மணித்தியாலம் ஆகிறது. அதில் 20 மணித்தியாலமளவு ஓடு படிவதற்கே செல்கிறது. இந்த வேலையை நடத்துபவை வெளிச்சமும் தீனும் வயதும் உடல்நலமும்தான். எங்கள் மாவட்டத்தில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்பதால், குளிர்நாடுகளில் மாரி காலத்தில் முட்டை நின்றுபோவதைப் போன்ற பெரிய வீழ்ச்சி இங்கே வெளிச்சத்தால் வருவதில்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அது பாதிப் பதில்தான். இளஞ்சேவலுக்கு ஆசை முதலில் வருகிறது, பழகும் முறை பின்னர்தான் வருகிறது. முதிர்ந்த சேவல் பேட்டை அணுகும்போது ஒரு சிறகைத் தரையில் உரசுமளவு தாழ்த்தி, பக்கவாட்டில் வட்டமிட்டு ஆடும். புழுவோ தானியமோ கண்டால் தான் உண்ணாமல் அதைக் கொத்தி எடுத்தும் கீழே போட்டும் குரல் கொடுத்துப் பேடுகளை அழைக்கும். இணங்கும் பேடு தானாகவே பதுங்கி இடங்கொடுக்கும், இணங்காத பேட்டை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஐந்து, ஆறு மாதச் சேவலிடம் இந்த ஆட்டமும் அழைப்பும் முதிர்ந்திருப்பதில்லை. அது பின்னால் ஓடிப்போய்க் கழுத்து இறகைக் கவ்வி ஏறுகிறது. வழுக்கும்போது கால் நகத்தால் முதுகைப் பிறாண்டுகிறது. நீங்கள் கண்ட முறிந்த இறகுத் தண்டு அதனால் வந்ததே.

இந்தத் துரத்தல் முட்டையை வந்தடையும் வழிகளில் முதலாவது தீன். லேயர் பேடு ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் உண்டால்தான் முட்டையைத் தொடர்ந்து தர முடியும். தீன் பாத்திரத்தடியில் சேவல் காவல் நிற்குமானால், பேடு இரண்டு வாய் கொத்திவிட்டு ஓடுகிறது. அடுத்த முறை வரத் தயங்குகிறது. முருங்கையில் ஏறியிருக்கும் ஊர்க்கோழி அங்கே பாதுகாப்பாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது பட்டினியாகவும் இருக்கிறது. அடுத்தது அச்சம். தொடர்ந்து அச்சத்தில் நிற்கும் பேட்டின் சூலகத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் மஞ்சட்கருக்கள் சுருங்கி உடலுக்குள்ளேயே கரைந்துபோகக்கூடும்.

இதனால் வரும் ஒரு விளைவைக் கவனத்தில் வைத்திருங்கள். ஒரு மஞ்சட்கரு சிறு மணியளவிலிருந்து முழு அளவுக்குப் பெருக்க ஏழு முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே இன்று சேவலைப் பிடித்து அடைத்தாலும் நாளைக் காலையில் முட்டை கூடாது. பலர் மூன்று, நான்கு நாள் பார்த்துவிட்டு, ‘சேவலை அகற்றியும் பயனில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

லேயர் பேடுகளின் வயது என்ன, அவை தரையில் இறகு உதிர்த்திருக்கின்றனவா, ஊர்க்கோழிகளில் ஏதாவது அடைக்குக் கிடக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இறகு மாற்றும் பேடு முட்டையை நிறுத்திவிடும்; அடைக்கு நிற்கும் பேடும் நிறுத்திவிடும். இரண்டுக்கும் சேவலுக்கும் தொடர்பில்லை.

தம்பிலுவில் கிணற்றடி:

தங்கச்சி, முட்டை குறைந்துவிட்டதா அல்லது உங்கள் கைக்கு வராமல் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். திறந்த வளவில் நிற்கும் கோழிக்கு இவை இரண்டும் வேறு வேறு. கூட்டுக்குள் வைத்த பெட்டியில் போய் இருக்கும்போது சேவல் வாசலில் வந்து நின்று தொல்லை கொடுத்தால், பேடு அந்தப் பெட்டியைக் கைவிட்டு வேலி ஓரத்திலோ, விறகுக்கட்டின் பின்னாலோ, தென்னோலைக் குவியலுக்குள்ளோ இடம் தேடிக்கொள்ளும். ஊர்க்கோழிக்கு இந்தக் குணம் இயல்பாகவே உண்டு. துரத்தல் அதை இன்னும் கூட்டிவிடும். அங்கே இடும் முட்டையை நீங்கள் காண்பதற்குள் கீரியோ உடும்போ கண்டுவிடும். நாகமும் முட்டைக்கு வரும் என்பதால் கையை நேராக விட்டுத் தேடாமல் கம்பால் விலக்கிப் பாருங்கள்.

இதற்கு ஒரு எளிய வழி, பேடுகளைக் காலை பத்து மணி வரை கூட்டுக்குள்ளேயே விடுவது. பெரும்பாலான பேடுகள் முற்பகலில்தான் இடும். சேவலை அந்த நேரம் வெளியே விட்டு, உள்ளே தீனும் தண்ணீரும் வையுங்கள். சில நாளிலேயே உண்மைக் கணக்குத் தெரிந்துவிடும். சத்தத்தையும் கவனியுங்கள். இடுவதற்கு இடம் தேடும் பேடு நீட்டி இழுத்துக் கேறிக்கொண்டு திரியும். இட்ட பேடு எழும்பி வந்து கொக்கரிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து கொக்கரிப்பு வருகிறதோ அந்தப் பக்கத்தைத் தேடுங்கள்.

சேவலை விற்பதைப் பற்றி நிந்தவூர் நானா சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. சேவல் ஒன்றும் தராது என்பது கம்பிவலைக்குள் வளர்ப்பவருக்குப் பொருந்தும். வளவில் மேயவிடும் வீட்டில் சேவல்தான் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வானில் பருந்து வந்தால் அது கொடுக்கும் குரல் வேறு. நாயோ கீரியோ தரையில் வந்தால் கொடுக்கும் குரல் வேறு. முதற்குரலுக்குப் பேடுகள் பற்றைக்குள் பதுங்கும். இரண்டாவது குரலுக்குத் தலையை உயர்த்தி நின்று பார்க்கும். எங்கள் பக்கத்தில் கடற்கரை வளவுகளில் பருந்துத் தொல்லை அதிகம். சேவல் நிற்கும் வளவில் குஞ்சு தப்புகிறது என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

எழுவான்கரை வளவு, களுவாஞ்சிக்குடி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. லேயர் பேடுகளுக்கு இன்னும் ஒன்றரை வயது ஆகவில்லை. கூட்டுத் தரையிலும் வளவிலும் உதிர்ந்த இறகு அதிகம் இல்லை. அடைக்கு எதுவும் கிடக்கவில்லை.

அக்கா சொன்னபடி பேடுகளைப் பத்து மணி வரை உள்ளே விட்டோம். ஊர்க்கோழிகளின் முட்டை உடனே கூடியது. பின்வேலியோரம் அடுக்கியிருந்த கிடுகுக்கு அடியில், சருகைக் குழித்து ஒரு கூடு செய்து வைத்திருந்ததையும் கண்டோம். அதில் முட்டைகள் குவிந்து கிடந்தன, சிலவற்றின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. ஆகவே குறைந்ததாக நாங்கள் கருதியதில் ஒரு பகுதி உண்மையில் குறையவே இல்லை.

ஆனால் லேயர் பேடுகளின் கணக்கு மாறவில்லை. அவற்றின் முட்டையில் இன்னொன்றையும் கவனித்தேன். வழக்கமான ஒரே சீரான மண்ணிறத்துக்குப் பதிலாக, சில முட்டைகளின் மேல் சுண்ணாம்பு தூவினாற்போல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் கொஞ்சம் வருகிறது, முழுவதும் போவதில்லை. ஒரு முட்டையின் இடையில் மெல்லிய வெள்ளை வளையம் ஓடுகிறது. இன்னொன்றின் ஒரு பக்கம் தட்டையாக, அமுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. இதற்கும் சேவலுக்கும் தொடர்பிருக்குமா? இப்போது கச்சான் காற்று வீசும் காலம் என்பதால் வெக்கையும் காரணமாக இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது.

செங்கலடி, ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்:

மகள் கவனித்து எழுதிய இந்த முட்டை விவரம் மிகவும் பயனுள்ளது. பேட்டுக்கு என்ன நடந்தது என்பதை ஓடு பல வேளைகளில் சொல்லிவிடும். முட்டை இடும் நேரத்தில் பேடு அச்சமடைந்தால், அதன் உடல் முட்டையை வெளியே தள்ளாமல் சில மணித்தியாலம் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த நேரத்திலும் ஓட்டுப் பகுதி சுண்ணாம்பைச் சுரந்துகொண்டே இருப்பதால், ஏற்கெனவே நிறம் பூசி முடிந்த முட்டையின் மேல் இன்னொரு வெள்ளைப் படலம் விழுகிறது. நீங்கள் தேய்த்துப் பார்த்த பொடி அதுதான். முதல் முட்டை வெளியேறாதிருக்கும்போது அடுத்த முட்டை பின்னால் வந்து சேர்ந்தால், இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நின்று ஒன்றில் வெள்ளை வளையமும் மற்றதில் தட்டையான பக்கமும் உண்டாகின்றன. ஆகவே உங்கள் லேயர் பேடுகள் இட வேண்டிய நேரத்தில் இட முடியாமல் தடுக்கப்படுகின்றன என்பது ஓட்டிலேயே தெரிகிறது. பெட்டிக்குப் போகும் வழியில் சேவல் நிற்கிறது என்பதே முதல் ஐயம்.

வெக்கை வேறு விதமாகத் தெரியும். கச்சான் வீசும் நாட்களில் பேடு வாயைத் திறந்து மூச்சிரைக்கும். அப்போது இரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரியாகச் சேராது. தீனும் குறைவாகவே உண்ணும். அதனால் ஓடு மெலியும், முட்டை சிறுக்கும், சில வேளை தோல்முட்டை வரும். மேலே சொன்ன வெள்ளைப் பொடி வெக்கையின் அடையாளமன்று. ஆனால் இரண்டும் சேர்ந்து தாக்கும் என்பதை மறக்கக்கூடாது: வெக்கையில் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும் பேட்டை நண்பகலில் துரத்துவது, குளிரான காலையில் துரத்துவதைவிடப் பன்மடங்கு கெடுதல். தண்ணீரை நிழலில் இரண்டு இடங்களில் வையுங்கள். ஓரிடத்தைச் சேவல் மறித்தாலும் மற்ற இடத்தில் பேடு குடிக்கும். தீனையும் அப்படியே இரண்டாகப் பிரித்து, ஒன்று மற்றதைக் காணமுடியாத இடத்தில் வையுங்கள்.

சேவலை அடைப்பதானால் வளவுக்குள்ளேயே, பேடுகள் பார்க்கும் இடத்தில் வலைபோட்ட தடுப்பில் அடையுங்கள். கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னர் திரும்பக் கொண்டுவந்தால் அது புதுச் சேவலாகிவிடும். பேடுகளும் புதிதாகப் பயப்படும். இரண்டு வாரமாவது பொறுத்திருந்து கணக்கைப் பாருங்கள்.

தீனைப் பற்றியும் ஒன்று. லேயர் தீனில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரை இருக்கும். முட்டையிடாத சேவலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வளரும் பருவத்தில் நீண்டகாலம் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். தடுப்பில் நிற்கும் காலத்தில் அதற்குச் சோளம், குறுணல், தவிடு, புண்ணாக்கு, கீரை என்று தனியாகக் கொடுக்கலாம். பேடுகளுக்கு வாவியில் கிடைக்கும் மட்டி ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்து, தீனோடு கலக்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையான பேடு தேவையான அளவு தானே எடுத்துக்கொள்ளும்.

நிந்தவூர் வீட்டுப்பண்ணை:

தம்பிலுவில் சகோதரி சொன்ன பருந்து விடயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சேவலை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதுவும் முட்டை விற்பவர்களுக்கு மிக முக்கியமானது. சேவல் நிற்கும் வளவின் முட்டை கருக்கொண்ட முட்டை. ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்குக் கீழே அந்தக் கரு வளராமல் நிற்கும். அடைகாப்பதற்கு வேண்டிய வெப்பம் 37.5 பாகையை ஒட்டியது. எங்கள் பகுதியில் நண்பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் இருக்கிறது. அந்த இடைப்பட்ட வெப்பத்தில் கரு மெல்ல வளரத் தொடங்கி, சீராக வளரமுடியாமல் இறந்துவிடும். வாங்கியவர் உடைத்துப் பார்க்கும்போது மஞ்சட்கருவின் மேல் இரத்த வளையம் தெரியும். அதன் பிறகு அவர் உங்களிடம் வரமாட்டார். சேவலில்லாத முட்டை இதே வெக்கையில் கூடுதலான நாள் கெடாமல் இருக்கும்.

சேவலை வைத்திருக்கத் தீர்மானித்தால் முட்டையை நாளுக்கு இரண்டு முறை எடுத்து, குளிரான இடத்தில் வைத்து, சில நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பேடு முட்டையின் மேல் கிடக்க விடாதீர்கள். மஞ்சட்கருவில் தனியாகத் தெரியும் சிறு இரத்தப் பொட்டு வேறு. அது சூலகத்தில் நுண்குழாய் வெடித்ததால் வருவது, சேவலில்லாத முட்டையிலும் வரும். வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லலாம். சத்தில் இரண்டு முட்டைக்கும் வேறுபாடில்லை. கருக்கொண்ட முட்டைக்கு விசேட சக்தி உண்டென்று சொல்லி விலையைக் கூட்டுவது சரியல்ல.

கொக்கட்டிச்சோலை, படுவான்கரை:

நான் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவருகிறேன். ஒன்பது பேட்டுக்கு ஒரு சேவல் என்பது தவறான கணக்கன்று. எட்டு முதல் பன்னிரண்டு பேட்டுக்கு ஒரு சேவல் போதும் என்பதே பொதுவான அளவு. ஆனால் சேவல் எல்லாப் பேட்டையும் சமமாக நாடுவதில்லை. ஒன்றிரண்டை மட்டும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும். முதுகில் இறகு போன அந்த இரண்டு லேயர் பேடுகளும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. லேயர் பேடு மனிதருக்குப் பழகிய, ஓடத் தெரியாத இனம்; துரத்தினால் அப்படியே பதுங்கிவிடுகிறது. ஊர்க்கோழி பறந்து மரத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே அடி முழுவதும் லேயர் பேடுகள் மீதே விழுகிறது. கொண்டைக் காயம் உள்ள பேட்டைப் பிரித்து வைத்து மருந்திடுங்கள். இரத்தம் கண்டால் மற்றப் பேடுகளும் கொத்தத் தொடங்கும்.

சேவலின் குணம் எப்படி வளர்ந்தது என்பதும் முக்கியம். வயது வந்த பேடுகளுக்கும் பெரிய சேவலுக்கும் நடுவே வளரும் இளஞ்சேவல், எல்லை மீறும் ஒவ்வொரு முறையும் கொத்து வாங்கித்தான் வளர்கிறது. ஒரே அடையில் பொரித்த விடைக்கோழிகளோடு மட்டும் வளர்ந்த சேவலுக்குத் தடுப்பார் இல்லை. பேடுகள் முட்டைப் பருவத்துக்கு வருமுன்னரே சேவல் பருவத்துக்கு வந்துவிடுவதால் அந்த விடைக்கோழிகள் பெரும் துன்பப்படும். முட்டைக்கு இன்னும் வராத விடைக்கோழி உங்கள் வளவில் இருந்தால் அவற்றை இந்தச் சேவலோடு விடாதீர்கள். முதுகில் கை வைத்தால் சிறகை விரித்துப் பதுங்கும் நிலைக்கு வந்த பிறகு விடலாம். அது முதல் முட்டை நெருங்கிவிட்டது என்பதன் அடையாளம்.

இன்னொரு செய்தி. இந்தச் சேவல் உங்கள் ஊர்க்கோழி ஒன்றின் மகன். முட்டைக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் தாயோடும் உடன்பிறந்த பேடுகளோடும் அது சேர்ந்து வரும் முட்டையை அடைவைத்தால், பொரிக்காத முட்டையும் நோஞ்சான் குஞ்சும் கூடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுச் சேவலை இன்னொரு வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்வது வழக்கம். நீங்களும் அப்படி மாற்றலாம். பணம் எதுவும் செலவாகாது. மாற்றும்போது கொண்டையின் சிவப்பையோ உடலின் பருமனையோ மட்டும் பார்க்காமல், ஒரு மாலை நேரம் நின்று அது பேடுகளைத் தீனுக்கு அழைக்கிறதா, சிறகைத் தாழ்த்தி ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு வயது கடந்த சேவலாக இருந்தால் நல்லது.

வாழைச்சேனை வாசகர்:

என் நிலைமையும் இதைப் போன்றதே, ஆனால் என் சேவல் சந்தையில் வாங்கியது. அது வந்த இரண்டாவது வாரத்தில் முட்டை ஏறக்குறைய முற்றாக நின்றது. ஓடு சுருக்கம் விழுந்து கோணலாக வருகிறது, வெண்கரு தண்ணீராக ஓடுகிறது, சில பேடுகள் இரவில் கர கரவென்று மூச்சு விடுகின்றன. துரத்தல் அதிகமில்லை. இதையும் இளஞ்சேவலின் தொல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சேவலை மாற்றினால் பழைய சேவலின் கரு முட்டையில் எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

செங்கலடி, ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்:

தம்பி, உங்களுடையதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுருங்கிய ஓடு, தண்ணீர் வெண்கரு, மூச்சு இரைச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் அது மூச்சுக்குழாயைத் தாக்கும் தொற்றுநோயாக இருக்கக்கூடும். ராணிக்கெட் நோயிலும் முட்டை திடீரென விழும். பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகல், திடீர் இறப்பு எதையாவது கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அதுவரை அந்த வளவிலிருந்து ஒரு கோழியையும் முட்டையையும் வெளியே கொடுக்காதீர்கள். துரத்தலால் வரும் குறைவு சில வாரங்களில் மெல்ல வரும், சில பேடுகளில் மட்டுமே தெரியும். நோயால் வரும் குறைவு சில நாளில் முழுக் கூட்டத்திலும் விழும். வெளியிலிருந்து வாங்கும் எந்தக் கோழியையும் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்து, மூச்சையும் கழிச்சலையும் பார்த்து, சிறகுக்கு அடியிலும் மலவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். கொக்கட்டிச்சோலை நண்பர் சொன்ன சேவல் மாற்றத்துக்கும் இது பொருந்தும்.

பேட்டின் முட்டைக் குழாயில், ஓட்டுப் பகுதிக்கும் வாய்க்கும் இடையே, விந்தைச் சேமித்து வைக்கும் மிக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. ஒரு முறை சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் கருக்கொண்ட முட்டை வரத் தொடங்கி, இரண்டு வாரமளவு தொடரும். சில பேடுகளில் மூன்று வாரம் வரை போகும். ஆகவே சேவலை மாற்றிய பின் மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையையே புதிய சேவலின் முட்டை என்று நம்பி அடைவைக்கலாம். விற்கும் முட்டையின் கருவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் சேவலை அகற்றி அதே மூன்று வாரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

எழுவான்கரை வளவு, களுவாஞ்சிக்குடி:

சேவலைத் தடுப்பில் அடைத்து, தீனையும் தண்ணீரையும் இரண்டு இடமாக்கினோம். முதல் வாரத்தில் முட்டையின் எண்ணிக்கையில் மாற்றமில்லை, ஆனால் வெள்ளைப் பொடி படிந்த முட்டை வருவது நின்றுவிட்டது. இப்போது எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருக்கிறது. முருங்கைக் கோழி தரைக்கு வந்துவிட்டது. முதுகில் புதிய இறகு எப்போது வரும் என்றும், எல்லா நேரமும் சேவலை அடைத்துவைக்காமல் குஞ்சுக்கும் வழி செய்ய முடியுமா என்றும் அறிய விரும்புகிறேன். வீட்டுப் பெரியவர்களின் விருப்பத்தையும் நான் தள்ளிவிட முடியாது.

தம்பிலுவில் கிணற்றடி:

தங்கச்சி, தண்டு முறிந்த இறகு அப்படியே நிற்கும். அடுத்த இறகு மாற்றத்தில்தான் அது விழுந்து புதிது முளைக்கும். தண்டோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரத்திலேயே முளைக்கும். அதுவரை அந்த இரண்டு பேட்டின் முதுகிலும் தடித்த துணியில் ஒரு சிறு மேலுறை தைத்துக் கட்டலாம். சிறகுக்கு அடியில் நாடா இறுகாமல் பாருங்கள். வெக்கை நாளில் நண்பகலுக்கு முன் கழற்றிவிடுங்கள், அடியில் பேன் சேராதபடி அடிக்கடி துவையுங்கள். சேவலின் கால் நகத்தின் கூரிய நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுவதும் உதவும்.

செங்கலடி, ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்:

மகளின் இரண்டாவது கேள்விக்குக் கோழியின் உடலே வசதி செய்து வைத்திருக்கிறது. பேடுகள் முற்பகலில் இடுகின்றன. சேவல் பேட்டை அதிகம் நாடுவது பின்னேரத்தில். முற்பகலில் ஓடு முற்றிய முட்டை குழாயில் நிற்கும்போது சேர்ந்தால் கருத்தரிப்பும் குறைவு. ஆகவே காலை முழுவதும் சேவலைத் தடுப்பில் வைத்து, பேடுகள் இட்டு முடித்துத் தீன் உண்ட பிறகு, பின்னேரம் நான்கு மணியளவில் திறந்துவிடுங்கள். அந்திக்குள் எல்லாம் கூடடைந்துவிடும். விந்து இரண்டு வாரமளவு தங்கும் என்பதால் இதை நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு பின்னேரம் விட்டாலே ஒன்பது பேட்டுக்கும் போதும். காயம் ஆறாத பேட்டை அந்த நேரத்தில் மட்டும் உள்ளே அடைத்துவிடுங்கள். சேவலுக்கு ஒரு வயது ஆகும்போது அதன் நடத்தையை மீண்டும் பாருங்கள். அப்போதும் அழைப்பும் ஆட்டமும் வராமல் ஓடிப்போய்க் கவ்வுவதே வழக்கமாக இருந்தால், படுவான்கரை நண்பர் சொன்னபடி மாற்றிவிடலாம். அந்தக் குணம் கொண்ட சேவலின் முட்டையை அடைக்கும் வைக்க வேண்டாம்.